வெறும் போசி

குளத்துப்புதூர்,
10.06.2024

அன்புள்ள சாயிரா அக்காவுக்கு,

ராசாத்தாள் எழுதுகிறேன். நானும் தோட்டமும் மாடுகளும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீங்களும் ரசாக் அண்ணனும் அஃபானும் அங்கே அப்படியே இருக்க வேண்டும்.

போன் எடுப்பதே இல்லை என்று என்னைத் திட்டாதீர்கள். பேரூராட்சித் தலைவர் ஆனதிலிருந்து என் போன் மகன் மதன்குமாரின் சட்டைப் பையில்தான் இருக்கிறது. யார் கூப்பிட்டாலும் "அம்மா மீட்டிங்ல இருக்காங்க" என்கிறான். அந்நேரம் நான் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் இந்தக் கடிதம். நம் காய் வண்டி ஓட்டுகிற அமீர் ஹம்சா உங்கள் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறான். அவனிடம் கொடுத்தால் கடிதம் காயைவிடச் சீக்கிரம் வந்து சேரும்.

பித்தளைப் போசி நிறைய அவரைக்காய் வைத்திருக்கிறேன். பிஞ்சாகப் பார்த்துப் பறித்தது. போசியைச் சீக்கிரம் அனுப்புங்கள். வெறுமனே அனுப்பினாலும் பரவாயில்லை என்று மட்டும் சொல்லமாட்டேன். நம் இரண்டு வீட்டிலும் பாத்திரத்தை வெறுமனே திருப்புகிற வழக்கம் இல்லை. போன தடவை நீங்கள் வைத்தனுப்பிய தம்ரூட் இனிப்பை மருமகள் லோகப்பிரியா என் கண்ணில் காட்டாமலே தின்றுபோட்டாள்.

போன வாரம் தார்ச்சாலை திறக்க அமைச்சர் வந்திருந்தார். அமைச்சர் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது, நமக்கு அவர் என்றைக்கும் கேசவண்ணன்தானே. காரில் ஏறப் போனவர் திரும்பி, "கோட்டைமேட்டு அக்கா சௌக்கியமா இருக்குதுங்களா?" என்று கேட்டார். உங்களை மறக்கவில்லை அக்கா. கூட்டமும் பரவாயில்லை. முன்னே மாதிரி தானாக வரவில்லை, வேன் வைத்துத்தான் அழைத்து வந்தோம். வெயில் வேறு.

உங்கள் பாஸ்போர்ட் வந்ததா? வழக்கு என்ன ஆயிற்று?

பிரியமுள்ள,
ராசாத்தாள்

•

கோட்டைமேடு, கோவை,
19.06.2024

என் அம்மணி ராசாத்தாளுக்கு,

இறைவன் அருளால் எல்லோரும் சுகம். அவரைக்காய் நல்ல பிஞ்சு, தேங்காய் போட்டுப் பொரியல் செய்தேன். போசியில் இரண்டு பொட்டலம் தம்ரூட் இருக்கிறது. ஒன்றின் மேல் உன் பெயரை எழுதியிருக்கிறேன். அதையும் உன் மருமகள் தின்றுவிட்டால் நான் பொறுப்பில்லை.

வழக்கு அப்படியே கிடக்கிறது. உக்கடத்தில் மதுக்கடை முன்னால் கேசவன் தலைமையில் உட்கார்ந்து பாட்டில் உடைத்தோமே, அந்தக் கேசில் உன் பெயரும் என் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. நீ தேர்தலில் நிற்க வேண்டும் என்று உன் பெயரை எடுத்துவிட்டார்கள். என் பெயர் நின்றுவிட்டது. அதில் உன்மேல் எனக்கு வருத்தமில்லை, அப்போதே சொல்லியும் விட்டேன். ஆனால் ஆட்சிக்கு வந்ததும் பெண்கள்மேல் போட்ட கேஸ் அத்தனையும் வாபஸ் என்று மைக்கில் சொன்னது அவர்தானே? அவர் சைரன் வைத்த காரில் போகிறார், நான் வாய்தாவுக்கு டவுன் பஸ்ஸில் போகிறேன்.

கேஸ் இருக்கிறவரை பாஸ்போர்ட் கிடையாது. கோர்ட்டில் தனியாக அனுமதி கேட்டோம், அதற்கும் வாய்தா. மக்காவுக்கு உம்ரா போகிறவர்களோடு பெயர் கொடுத்திருந்த உன் ரசாக் அண்ணன் அவராகவே போய்ப் பெயரை எடுத்துவிட்டு வந்தார். "நீ இல்லாம நான் மட்டும் போயி என்ன துஆ கேக்கறது?" என்கிறார். சர்க்கரையால் காலில் வந்த புண் ஆறமாட்டேன் என்கிறது. நடமாட்டம் இருக்கும்போதே ஒரு தடவை இரண்டு பேரும் சேர்ந்து போய்விட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

பையன் அஃபான் ஸ்கூட்டரிலிருந்து உன் கேசவண்ணனின் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டான். முழுதாக வரவில்லை, மீசை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருவில் இப்போது முக்கால்வாசி வண்டி இப்படித்தான்.

கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நம்மோடு போராட்டத்தில் இருந்த உங்கள் ஊர் பங்காரம்மா நேற்றுப் பேசினாள். பேரனுக்குக் கேசவன் கையாலேயே அவர் பேரை வைத்தாளே, அவள்தான். இப்போது அந்தக் குழந்தையைப் பாப்பு என்று மட்டும் கூப்பிடுகிறாள். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில், பழைய கொப்பரைக் கிடங்கில் மனமகிழ் மன்றம் வருகிறதாம். போர்டில் என்ன எழுதினாலும் உள்ளே நடக்கப்போவது பார்தான் என்று ஊருக்கே தெரியும். கேசவனின் மச்சினர்தான் எடுத்து நடத்துகிறாராம். பேரூராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நடக்குமாம்.

நிஜமா அம்மணி?

உன் அக்கா,
சாயிரா பானு

•

குளத்துப்புதூர்,
27.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு மாட்டுக்குத் தவிடு கரைக்கக்கூட மறந்துவிட்டேன். எனக்குக் கோபம்தான். மற்றவர்கள் பேசட்டும், நீங்கள் பேசலாமா?

என் வீட்டுக்காரர் குடித்துக் குடித்தே செத்துப்போனவர். அந்த எழவு வீட்டுக்குப் பங்காளிகளே வந்த காலோடு திரும்பிப் போனார்கள். பாடைக்குத் தோள் கொடுக்க ஆள் குறைந்தபோது, யாரென்றே தெரியாத ஒருத்தர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து தூக்கினார். சுடுகாட்டிலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மதுக்கடை முன்னால் போய் உட்கார்ந்தார். அப்போது அவருக்குப் பதவி இல்லை, கார் இல்லை. அந்த மனுசன் என் ஊரில் பார் திறப்பாரா?

எல்லாம் கீழே இருக்கிறவர்கள் செய்கிற வேலை அக்கா. அண்ணன் காதுக்குப் போயிருக்காது. போனால் ஒரே வார்த்தையில் நிறுத்திவிடுவார். தீர்மானம் என் மேசைக்கு வந்திருப்பது உண்மைதான். நான் கையெழுத்துப் போடவில்லை. அண்ணனை நேரில் பார்த்துச் சொல்லாமல் போடமாட்டேன், இது பிள்ளைமேல் சத்தியம்.

மதன்குமார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மன்றத்துக்குத் தண்ணீர் லாரி ஓட்ட அவனுக்குச் சொல்லியிருக்கிறார்களாம். "உங்க கையெழுத்துல என்னம்மா கெடக்குது, போட்டுத்தொலைங்க" என்கிறான். லோகப்பிரியாவுக்கு இது ஐந்தாம் மாதம். வீட்டில் சண்டை வேண்டாமே என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

தம்ரூட் இந்தத் தடவை எனக்கே கிடைத்தது. போசியில் வாழைப்பழம். யானை வந்து தோட்டத்தைச் சாய்த்துவிட்டுப் போனது, மிச்சமானதில் நல்ல சீப்பு இதுதான்.

ராசாத்தாள்

•

கோட்டைமேடு, கோவை,
06.07.2024

அம்மணிக்கு,

உன் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. அவரைப் பார்த்துச் சொல்வதும் நல்லதுதான். அவர் மாறியிருக்கமாட்டார் என்று நம்ப எனக்கு மட்டும் ஆசை இல்லையா?

நம்மைக் கைது செய்து கல்யாண மண்டபத்தில் அடைத்த நாளில்தான் உன்னை முதன்முதலாகப் பார்த்தேன். புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு தூணோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய். உன் வீட்டுக்காரர் பாலுசாமி போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. போலீஸ்காரர்கள் அண்டாவில் தக்காளிச் சாதம் கொண்டுவந்து இறக்கினார்கள். அத்தனை பெண்களும் சாப்பிடுகிறவரை கேசவன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. நீ வேண்டாம் என்றபோது, "கண்ணு, நீ சாப்புட்டாத்தான் நான் சாப்புடுவேன்" என்றார். எல்லோரும் கை கழுவிய பிறகு அண்டாவை வழித்து, நின்றுகொண்டே இரண்டு வாய் தின்றார். மேடைப் பேச்சை நான் ஒருநாளும் நம்பியதில்லை அம்மணி. அந்த இரண்டு வாயைத்தான் நம்பினேன். அதை நம்பித்தான் கேஸ் வாங்கினேன்.

பங்காரம்மாவும் மற்றப் பெண்களும் வருகிற பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை கொப்பரைக் கிடங்கு வாசலில் உட்காரப் போகிறார்கள். நானும் வருகிறேன். நீயும் வா. பேச வேண்டாம், கோஷம் போட வேண்டாம். என் பக்கத்தில் வந்து உட்கார், அது போதும். தலைவரம்மாவே தரையில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் ஊரே வந்து உட்காரும். கேசவனும் அதற்குமேல் ஒன்றும் செய்யமுடியாது.

போசியில் நெய்ச்சோறும் தால்ச்சாவும் இருக்கிறது. ஆறுவதற்குள் சாப்பிடு. லோகப்பிரியாவுக்கு முதலில் கொடு, வாய்க்குப் பிடித்ததைத் தின்கிற காலம்.

உன் அக்கா,
சாயிரா பானு

•

குளத்துப்புதூர்,
15.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நேற்று அண்ணனைப் பார்த்துவிட்டேன். பெரிய கூட்டம், இருந்தாலும் என்னைக் கண்டதும் கூப்பிட்டுவிட்டார். என்னை மறக்கவில்லை அக்கா. என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லியே பேசினார். கைதான அன்றைக்கு நீங்கள் கட்டியிருந்த பச்சைப் புடவைகூட அவருக்கு நினைவிருக்கிறது.

உங்கள் வழக்கைப் பற்றி நான் கேட்பதற்கு முன்னே அவரே சொன்னார். இந்த மாதத்திலேயே முடித்துவிடலாம் என்றார். நீங்களும் ரசாக் அண்ணனும் உம்ரா போய்வரலாம். அண்ணன் கால் இருக்கிற இருப்பில் இனியும் தள்ளிப்போட வேண்டாம் அக்கா. வியாழக்கிழமை மட்டும் நீங்கள் வர வேண்டாம். பங்காரம்மா கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள். எனக்காக.

மன்றத்தைப் பற்றிப் பேசினோம். அவருக்கும் பல பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது. நேரில் சொல்கிறேன்.

இந்தத் தடவை போசியை அனுப்பவில்லை. என்ன வைப்பது என்றே தோன்றவில்லை.

ராசாத்தாள்

•

கோட்டைமேடு, கோவை,
20.07.2024

ராசாத்தாளுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. உன் ரசாக் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். பிறகு, "இப்பிடி வாங்குன பாஸ்போர்ட்ட வெச்சுக்கிட்டு அங்க போயி எந்த மூஞ்சியோட நிக்கறது? நீ பொறப்படு" என்றார்.

வந்தேன். உட்கார்ந்தோம். பன்னிரண்டு மணி வெயிலில் பிடித்து வேனில் ஏற்றினார்கள். கொண்டுபோய் இறக்கியது அதே மண்டபம். இப்போது ஏசி போட்டிருக்கிறார்கள். நுழைவாசலில் கேசவன் கைகூப்பி நிற்கிற படம் ஆளுயரத்துக்கு இருக்கிறது. பங்காரம்மா அதைப் பார்த்து, "ஏனுங், எங்களயத்தான் கும்படறீங்களா?" என்று கேட்டாள். போலீஸ்காரிகூடச் சிரித்துவிட்டாள்.

நான் சிரிக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ நேரம் தாழ்த்தி வருவாய் என்று நினைத்தேன். மகன் விட்டிருக்கமாட்டான், மருமகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பாய், பஸ் கிடைத்திருக்காது என்று ஒவ்வொன்றாக நானே உனக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் ஒரு தடவையாவது தலையைக் காட்டுவாய் என்று பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் பிடித்து வைத்திருந்தேன்.

போசி வந்தது.

"தலைவரம்மா குடுத்தனுப்பிச்சாங்க, கோட்டைமேட்டு அக்காகிட்டக் குடுக்கச் சொன்னாங்க" என்று போலீஸ்காரர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். திறந்தால் அரிசிம்பருப்புச் சாதம். நெய் மிதந்தது. கடையில் வாங்கியது இல்லை, உன் கைப்பக்குவம் எனக்குத் தெரியும். நாங்கள் தார் ரோட்டில் உட்கார்ந்திருந்த நேரத்தில் நீ வீட்டில் அடுப்பு முன்னால் நின்று பூண்டு உரித்திருக்கிறாய்.

எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். பங்காரம்மா அதை எடுத்து ஆளுக்கொரு கை கொடுத்தாள். எனக்கு இறங்கவில்லை. கேசவன் போனதை என்னால் தாங்க முடிந்தது அம்மணி. போகிற தலைவர்களை நாம் பார்க்காததா? நீ போனதைத்தான் தாங்க முடியவில்லை.

வெளியே விடும்போது கையெழுத்து வாங்கினார்கள். புதிதாக ஒரு கேஸ். தீர்மானத்தில் நீ பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். அண்ணனைப் பார்ப்பதற்கும் முன்னே. அது பொய்யாக இருந்தால் எழுது. இல்லையென்றால் எழுத வேண்டாம்.

போசியைக் கழுவித் துடைத்து அமீர் ஹம்சாவிடம் கொடுத்திருக்கிறேன்.

சாயிரா பானு

•

குளத்துப்புதூர்,
13.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இத்தனை மாதம் எழுதாமல் இருந்தேன். இதற்குப் பதில் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்டர் சொன்னது பொய் இல்லை. வெள்ளிக்கிழமை மதன்குமார் சோறு தின்னாமல் படுத்துக்கொண்டான், போட்டுவிட்டேன். அண்ணனிடம் போய் நின்றால் அவரே அதைக் கிழித்துப் போடுவார், பழி என்மேல் வராது என்று நினைத்தேன். அவ்வளவு நம்பினேன் அக்கா அவரை.

அவரைப் பார்த்த அன்றைக்கு நடந்ததை உங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை. நான் போனபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சாப்பிட்டு இலை எடுக்கிறவரை அத்தனை பேரும் வராந்தாவில் நின்றோம். உள்ளே சென்னையிலிருந்து வந்த ஆட்கள் இருந்தார்கள். என்னைத் தோளைத் தொட்டு அவர்கள் முன்னால் நிறுத்தி, "இந்த அம்மணி ஊட்டுக்காரர் குடிச்சுச் செத்த எழவு ஊட்டுலதானுங்க என்ற அரசியலே தொடங்குச்சு. ராசியான கை. மன்றத்துல வெளக்கு ஏத்தறதும் இவங்கதான்" என்றார். சந்தோசமாகத்தான் சொன்னார். என்னைப் பெருமைப்படுத்துவதாகவே நினைத்தார். "அண்ணா, அந்தக் குடியிலதானுங்களே அவரு போனாரு" என்றேன். "தெருவுல நின்னப்ப ஒண்ணே ஒண்ணு பேசினோம் கண்ணு. இங்க உக்காந்தா நாலயும் பாக்கோணுமல்ல" என்று சிரித்தார். மறந்துபோயிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவர் ஒன்றையும் மறக்கவில்லை அக்கா. எல்லாம் தெரிந்துதான் செய்கிறார்.

பிறகு, மன்றம் திறந்த அன்று தீக்குச்சியை என் கையில் கொடுத்தார்கள். ஏற்றினேன். கைதட்டினார்கள்.

நீங்கள் அனுப்பிய போசி வந்த அன்று திறந்து பார்த்தேன். கவிழ்த்தும் பார்த்தேன். ஒரு சிட்டிகை சர்க்கரையாவது ஓரத்தில் ஒட்டியிருக்குமோ என்று விரலை விட்டுத் தடவினேன். பளபளவென்று துடைத்திருந்தீர்கள். அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் செத்தபோது அழுததைவிட அதிகம் அழுதேன். அந்தச் சாதத்தை நான் உங்களை ஏமாற்றச் செய்யவில்லை. வெயிலில் பசியோடு இருப்பீர்களே என்று மட்டும்தான் தோன்றியது. வந்து உட்கார தைரியம் இல்லாதவளுக்கு வேறு என்ன தெரியும்?

நேற்று வியாழக்கிழமை, என் வீட்டுக்காரருடைய திதி. கோயிலில் மோட்ச தீபம் போட்டுவிட்டு வருகிற வழியில் மன்றத்தைத் தாண்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கமாகப் போகிறார்கள். ஒரு பிள்ளை என்னைப் பார்த்து, "வணக்கமுங்க தலைவரம்மா" என்றது. அங்கேயே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

போலீஸ் வந்தது. கையை நீட்டி, "என்னயக் கூட்டிட்டுப் போங்க சாமி" என்றேன். "அம்மா, நீங்க போயித் தரையில உக்காரலாங்களா? சித்தெ இருங்க" என்று உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். மன்றத்து ஆள் இளநீர் வெட்டிக் கொடுத்தான். கட்சிக்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள், மன்றத்தை ஆய்வு செய்ய வந்தேன் என்று போடுவார்களாம். அந்த வழியாகப் போன பங்காரம்மா ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். என்னைக் கைது செய்யக்கூட ஆள் இல்லை அக்கா.

மதன்குமாரிடமிருந்து போனை வாங்கிவிட்டேன். உங்கள் நம்பர் அதில் முதலாவதாக இருக்கிறது. கூப்பிட்டு நீங்கள் எடுக்காமல் போனால் தாங்கமாட்டேன். கடிதமென்றால் நீங்கள் படித்தீர்கள் என்றே நினைத்துக்கொள்ளலாம். ரசாக் அண்ணனின் கால் விரல்களை எடுத்துவிட்டார்கள் என்று அமீர் ஹம்சா சொன்னான். வந்து பார்க்க எனக்கு முகம் இல்லை. லோகப்பிரியாவுக்குப் பெண் குழந்தை. யாரையும் பேர் வைக்கக் கூப்பிடவில்லை.

அடுத்த வியாழக்கிழமையும் போய் உட்காருவேன். நாற்காலி போட்டால் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் உட்காருவேன். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டே உட்காருவேன். வாருங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை.

போசியில் அவரைக்காய் இருக்கிறது. பிஞ்சாகப் பார்த்துத்தான் பறித்தேன். போசியை மட்டும் அமீர் ஹம்சாவிடம் கொடுத்துவிடுங்கள் அக்கா. வெறுமனே அனுப்பினாலும் பரவாயில்லை.

உங்கள்,
ராசாத்தாள்